ஹக்கோடாவுக்குப் போவதா, வேண்டாமா?

தம்பிக்குப் பிப்ரவரியில் ஒன்பது நாள் விடுமுறை. சிங்கப்பூரிலிருந்து போன் செய்தவன் நலம் விசாரிப்பதற்கு முன்பே கேட்டுவிட்டான்: "அக்கா, இந்த முறை பனிச்சறுக்குக்கு ஹக்கோடாவுக்குப் போகலாமா? நீயும் அத்தானும் போன வருடம் போனீர்களே, எப்படி இருந்தது?"

ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான்கு இரவு தங்கினோம். மேலே ஏற்றிவிடும் ரோப் கார் ஒன்றரை நாள்தான் ஓடியது. மீதி நேரம் வெந்நீர்த் தொட்டியிலும் ஜன்னலோரத்திலும் கழிந்தது. ஆனால் அந்த ஒன்றரை நாள் சறுக்கியதைப் போல நான் அதற்கு முன்னும் சறுக்கியதில்லை, பின்னும் சறுக்கியதில்லை. இதை அப்படியே சொன்னால் அவன் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு டிக்கெட் போட்டுவிடுவான். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். டோக்கியோவில் எங்களைப் போல வேலை பார்த்துக்கொண்டு, டிசம்பர் பிறந்ததும் எந்த மலைக்குப் போகலாம் என்று வரைபடத்தை விரிக்கும் மற்றவர்களுக்கும் இது உதவக்கூடும்.

ஹக்கோடா என்பது ஒரே மலை அல்ல. ஜப்பானின் பெரிய தீவான ஹொன்ஷுவின் வட முனையில், அவோமோரி நகரத்துக்குத் தெற்கே கூட்டமாக நிற்கும் எரிமலைகளுக்கு அந்தப் பெயர். உயரமான ஒதாகேகூட 1,585 மீட்டர்தான். நம் கொடைக்கானல் ஊர் இருக்கும் உயரத்தைக்கூட எட்டாது. அங்கே 1968ஆம் ஆண்டில் போட்ட ரோப் கார் ஒன்று இருக்கிறது. நூறு பேரை ஒரே பெட்டியில் நிற்க வைத்து, பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 650 மீட்டர் உயர்த்தி, தாமொயாச்சி என்ற சிகரத்தின் தலையில் இறக்கிவிடும். சறுக்குபவருக்கு அங்கே கிடைக்கும் முக்கிய வசதி அது ஒன்றுதான். கம்பு நட்டுக் குறித்த பாதைகள் இரண்டு உண்டு, மீதியெல்லாம் காடு. ஹொக்கைதோ தீவில் இருக்கும் பெரிய சறுக்கு ஊரான நிசெகோவைப் போல இழுவை வண்டிகளின் வலைப்பின்னலோ, தெருவுக்குத் தெரு வாடகைக் கடையோ, மின்விளக்கு வெளிச்சத்தில் இரவுச் சறுக்கலோ எதிர்பார்த்துப் போனால் முதல் நாளே முகம் வாடிவிடும்.

பிறகு ஏன் இவ்வளவு தூரம் போகிறார்கள்? பனி. சைபீரியாவிலிருந்து வரும் உலர்ந்த குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது, அங்கே ஓடும் வெதுவெதுப்பான நீரோட்டத்திலிருந்து ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. முதலில் எதிர்ப்படும் மலைகளில் அத்தனையையும் கொட்டிவிட்டுப் போகிறது. ரோப் காரின் அடிவார நிலையத்துக்குச் சற்று மேலே சுகாயு என்ற வெந்நீர் ஊற்று விடுதி இருக்கிறது. அங்கே வானிலைத் துறையின் அளவைக் கருவியும் இருக்கிறது. 2013 பிப்ரவரி 26 அன்று அது காட்டிய பனியின் ஆழம் 566 சென்டிமீட்டர். மூன்று ஆள் ஒருவர் தோள்மேல் ஒருவர் நின்றாலும் மூழ்கிப்போகும். நாங்கள் போனபோது விடுதியின் தரைத்தள ஜன்னல்களுக்கு வெளியே வெறும் வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. மாடிப்படி ஏறினால்தான் பகலா இரவா என்று தெரியும். ஜனவரி, பிப்ரவரியில் அந்தப் பனி புட்டுக்கு வறுத்த மாவைப் போல உதிரியாக இருக்கும். கையில் அள்ளி அழுத்தினால் உருண்டையாகாது. விரலிடுக்கில் வழிந்து போகும். பனிச்சறுக்கில் பைத்தியம் பிடித்தவர்கள் கடல் கடந்து தேடி வருவது இந்த மாவைத்தான்.

சிக்கல் காற்று. பழனிக்குப் போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அடிவாரத்தில் வரிசையில் நின்று, பலத்த காற்று, ரோப் கார் இப்போதைக்கு ஓடாது என்ற அறிவிப்பைக் கேட்டுவிட்டுப் படியைப் பார்த்து நடந்த அனுபவம் பலருக்கும் இருக்கும். ஹக்கோடாவில் அதே கதைதான், ஆனால் நடந்து ஏறப் படி கிடையாது. ஜப்பானிய மொழியில் 'உன்க்யூ' என்றால் ஓட்டம் நிறுத்தம். நான்கு நாளில் நான் நன்றாகப் பழகிய சொல் அது. காலை ஒன்பது மணிக்கு அடிவாரக் கூடத்தில் காலணிக் கொக்கிகளைத் தளர்த்திவிட்டு அறுபது, எழுபது பேர் உட்கார்ந்திருந்தோம். ஊழியர் ஒருவர் அரை மணிக்கொரு தரம் வந்து தலை வணங்கி, இன்னும் காற்று தணியவில்லை என்று சொல்லிவிட்டுப் போவார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பக்கத்தில் இருந்த முதியவர் பையிலிருந்து ஆப்பிளை எடுத்து, தோலை அறுபடாமல் ஒரே நாடாவாகச் சீவி, எனக்கும் ஒரு கீற்று நீட்டினார். பதினோரு மணிக்கு மேல் பாதிப் பேர் எழுந்து போனார்கள். அவர் மட்டும் அசையவில்லை. ஒன்றரை மணிக்கு ரோப் கார் ஓடியது. முதல் பெட்டியில் அவர் இருந்தார். அந்த 'அரை நாள்' எங்களுக்கு வாய்த்தது அவரைப் பார்த்து நாங்களும் உட்கார்ந்திருந்ததால்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரோப் காரை நிறுத்தும் காற்றேதான் மேலே போனதும் வாயடைக்க வைக்கும் காட்சியையும் செய்கிறது. கடல் மேகங்களில் பூஜ்யத்துக்குக் கீழே போயும் உறையாமல் திரியும் நுண்துளிகள் ஊசியிலை மரங்களில் மோதியதும் பட்டென்று உறைந்துவிடுகின்றன. அதன்மேல் பனி, அதன்மேல் மறுபடி துளி. இப்படிக் காற்று வரும் திசையை நோக்கியே பனிக்கட்டி வளர்ந்து, பிப்ரவரிக்குள் மரம் மறைந்து ஒரு பூதம் நிற்கிறது. ஜப்பானியர் இதை ஜுஹியோ என்கிறார்கள். மேலே இறங்கியபோது பெரிய கோவில் வாசலில் கதாயுதத்தைத் தோளில் சாய்த்து நிற்கும் துவாரபாலகர்கள் நூற்றுக்கணக்கில் சரிவெங்கும் இறங்கி நிற்பதைப் போலத்தான் எனக்குத் தோன்றியது. அவர்களுக்கு இடையே புகுந்து சறுக்க வேண்டும். காற்றில்லாத ஹக்கோடா வேண்டும் என்று கேட்டால் இவர்களும் இருக்கமாட்டார்கள்.

பூதங்களைப் பார்ப்பது மட்டும்தான் ஆசை என்றால் ஸாவோ என்ற சறுக்கு ஊர் போதும் என்று பலரும் சொல்வார்கள். யமகதாவில் இருக்கிறது, டோக்கியோவிலிருந்து ஷின்கான்செனில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம், அங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி. ஊருக்குள்ளேயே சறுக்கு சரிவு வந்து முடிகிறது. ரோப் காரில் 1,661 மீட்டர் வரை போய், பூதங்களைப் பார்த்துவிட்டு, சறுக்கத் தெரியாதவர்களும் அதிலேயே இறங்கிவிடலாம். குழந்தைகளோ பெற்றோரோ உடன் வந்தால் நானும் ஸாவோவைத்தான் சொல்வேன். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அங்கே பூதமாகும் மரங்களை 2013 முதல் பூச்சிகள் அரித்துவிட்டன. முதலில் இலைகளைத் தின்னும் அந்துப்பூச்சி, பிறகு பட்டைக்குள் துளைக்கும் வண்டு. ஆயிரக்கணக்கான மரங்கள் பட்டுப்போயின. இலையில்லாத மரத்தில் பனி தங்காது. தங்கினாலும் ஒல்லியாகத்தான் நிற்கும். பழைய சுவரொட்டிப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர் சற்று ஏமாறுவார்.

நிசெகோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, தம்பிக்கு அது தெரியும். அவன் சறுக்கப் பழகியதே அங்கேதான். ஹொக்கைதோவின் உலர்ந்த பனி, ஒரே சிகரத்தைச் சுற்றி நான்கு சறுக்குத் தளங்கள், எல்லைக்கு வெளியே போக வாயில்கள், அந்த வாயில்களை எப்போது திறப்பது என்று முடிவு செய்யக் காவல் குழு. மேல் பகுதி காற்றில் மூடினாலும் கீழ்ப் பகுதியில் நாளைக் கழித்துவிடலாம். நாள் வீணாகவே ஆகாது என்பதுதான் நிசெகோவின் பலம். அதற்கு விலை உண்டு. நான்கு தளங்களுக்குமான ஒரு நாள் அனுமதிச் சீட்டு பத்தாயிரம் யென்னைத் தாண்டிவிட்டது. சீனப் புத்தாண்டு விடுமுறையில் அறை வாடகையைப் பார்த்தால் தலை சுற்றும். தம்பியின் ஒன்பது நாளும் அந்த விடுமுறையை ஒட்டியேதான் விழுகிறது. நாங்கள் சுகாயுவில் இரண்டு வேளைச் சாப்பாட்டுடன் இரண்டு இரவுக்குக் கொடுத்தது, அந்த வாரம் நிசெகோவில் ஒரு இரவுக்குக்கூட வராது.

பணத்தை விடுவோம். ஹக்கோடாவைப் பற்றி நான் அவனிடம் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. நிசெகோவில் இரண்டு பருவம் சறுக்கியவன் என்ற துணிவில் அவன் தனியாக அந்தக் காட்டுக்குள் இறங்கக்கூடாது. அந்த மலைக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1902 ஜனவரி 23 அன்று, ரஷ்யாவுடன் போர் வரலாம் என்ற எதிர்பார்ப்பில், குளிர்காலப் பயிற்சிக்காக அவோமோரிப் படைப்பிரிவைச் சேர்ந்த 210 பேர் ஹக்கோடாவுக்குள் நடந்தார்கள். உள்ளூர் வழிகாட்டி யாரையும் அழைத்துப் போகவில்லை. பனிப்புயலில் வழி தவறிச் சுற்றிச் சுற்றி வந்து 199 பேர் செத்தார்கள். ஜப்பானில் இதுவரை அதிகாரபூர்வமாகப் பதிவான மிகக் கடுங்குளிர், ஹொக்கைதோவின் அசஹிகாவாவில் மைனஸ் 41 டிகிரி, அதே வாரம் 25ஆம் தேதி பதிவானது. அதே நாட்களில் ஹிரோசாகியிலிருந்து புறப்பட்ட வேறொரு படைப்பிரிவின் 38 பேர், வழியில் கிராமத்து ஆட்களை வழிகாட்டிகளாகச் சேர்த்துக்கொண்டு, இன்னும் நீண்ட பாதையில் போய் உயிரோடு திரும்பினார்கள். இடுப்பளவு பனியில் நின்ற நிலையில் கண்டெடுக்கப்பட்ட, அவோமோரிப் படையின் கோத்தோ என்ற கார்ப்பரலுக்கு மலையில் சிலை இருக்கிறது. இன்று சறுக்குபவர்கள் விரும்பி இறங்கும் நீண்ட வழிகளில் ஒன்றுக்கே 'சிலை வழி' என்றுதான் பெயர்.

வழிகாட்டி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லமாட்டேன். 2007 பிப்ரவரி 14 அன்று அங்கே பனிச்சரிவில் சிக்கி இரண்டு பேர் இறந்தது வழிகாட்டியோடு போன குழுவில்தான். ஆனாலும் வழிகாட்டி இல்லாமல் போவது சுத்த மடத்தனம். மேலே மேகம் இறங்கினால் நீட்டிய கையின் கையுறை தெரியாது. எந்தப் பள்ளத்தில் இறங்கினால் சாலை வரும், எதில் இறங்கினால் மறுநாள்தான் ஆள் வரும் என்பது அங்கேயே வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் வழிகாட்டி அறுபதை நெருங்கியவர். மொத்த நாளில் அவர் பேசியது பத்து வாக்கியம் இருக்கும். ஒரு சரிவின் விளிம்பில் நின்று கைக்கம்பால் பனியை இரண்டு முறை குத்திப் பார்த்தார், "இன்று இது வேண்டாம்" என்றார், திரும்பினார். எதற்கு என்று கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. பனிக்குள் புதைந்தவரைத் தேட உதவும் இடங்காட்டிக் கருவி, மண்வெட்டி, துழாவும் கோல் மூன்றும் இல்லாமல் அவர் யாரையும் அழைத்துப் போவதில்லை. வாங்கினால் மட்டும் போதாது, பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

போய்ச் சேருவதைப் பொறுத்தவரை, தொலைவு என்பது பெயருக்குத்தான். 2010 டிசம்பரில் ஷின்கான்சென் ஷின்-அவோமோரி வரை வந்துவிட்டது; டோக்கியோவிலிருந்து ஏறத்தாழ 675 கிலோமீட்டரை மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடிக் கடக்கிறது. ஒரு வழி டிக்கெட் 2025இல் 17,700 யென்னை ஒட்டி இருந்தது. தம்பியைப் போல வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் வருபவர்களுக்குப் பல நாள் ரயில் பாஸ் மலிவாக அமையும். கடைசி முப்பது கிலோமீட்டர்தான் நம் பொறுமையைச் சோதிக்கும். நகரத்திலிருந்து மலைக்கு ஒரு நாளைக்குச் சில பஸ்கள்தான். ரோப் காருக்கு ஒரு மணி நேரம், சுகாயுவுக்கு இன்னும் சற்று. குளிர்காலத்தில் சுகாயுவுக்கு அப்பால் சாலையே மூடிக் கிடக்கும், ஏப்ரல் முதல் தேதிதான் திறப்பார்கள். அதாவது பஸ் போய் நிற்கும் இடம்தான் உலகத்தின் ஓரம். சறுக்குப் பலகைகளை முன்கூட்டியே பார்சலில் அனுப்பிவிட்டு வெறுங்கையுடன் போவது ஜப்பானில் எல்லோரும் செய்வது. நாங்களும் செய்தோம். பார்சல் ஒரு நாள் தாமதமாக வந்தது. நல்லவேளை, அன்று ரோப் கார் ஓடவில்லை. மூன்று நாள் இடைவெளி விட்டு அனுப்பியிருக்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை நம்மவர்களிடம் காட்ட முடியாது. என் கணவர் முட்டைகூடத் தொடாதவர். மலை விடுதியின் இரவு உணவுத் தட்டில் சிப்பி, மீன், மீன் போட்ட கஞ்சி, மீன் தெளித்த கீரை. காய்கறி என்று நம்பி எடுத்த வேகவைத்த முள்ளங்கியிலும் மீன் சாறு; தாஷி என்ற அந்தச் சாறு இல்லாமல் அவர்களுக்குச் சமையலே இல்லை. முன்கூட்டியே எழுதிச் சொல்லியிருந்ததால் டோஃபு, ஊறுகாய், கூடுதல் சோறு, பிறகு ஒரு முழு ஆப்பிள் வைத்தார்கள். ஜப்பானில் விளையும் ஆப்பிளில் பாதிக்கு மேல் அவோமோரியில் விளைவதுதான். அந்த ஆப்பிளுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. கையோடு கொண்டுபோன பருப்புப்பொடி அவரைக் காப்பாற்றியது. நெய் குப்பிக்குள் கல்லாகிவிட்டது. அதை இரவு வெந்நீர்த் தொட்டிக்குப் போகும்போது துண்டில் சுற்றி எடுத்துப்போய் உருக்கி வந்தார் என்பதை அவர் அனுமதியில்லாமல்தான் எழுதுகிறேன். நிசெகோவில் இந்தத் தொல்லை இல்லை. ஸாவோ இரண்டுக்கும் நடுவில்.

தொட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. சுகாயு முந்நூறு ஆண்டுக்கு மேல் பழைய ஊற்று. அங்கே 'ஆயிரம் பேர் குளியல்' என்று ஒரு கூடம். முழுக்க ஹிபா என்ற ஊசியிலை மரத்தால் ஆனது, 160 தத்தாமிப் பாய் விரிக்கும் அளவு பரப்பு, நடுவில் ஒரு தூண் கிடையாது. மோரைப் போல வெளுத்த நீர், கந்தக நெடி, அதை மீறி ஹிபா மரத்தின் வாசம். நீர் கடும் புளிப்பு. கண்ணில் பட்டால் எலுமிச்சை பிழிந்ததைப் போல எரியும். ஆணும் பெண்ணும் ஒரே கூடத்தில் குளிப்பது அங்கே வழக்கம். படித்தபோது, நமக்கு இது சரிவராது என்றுதான் நினைத்தேன். காலை எட்டிலிருந்து ஒன்பது, இரவு எட்டிலிருந்து ஒன்பது பெண்களுக்கு மட்டும் என்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். மற்ற நேரத்துக்கு உடுத்திக்கொள்ளக் குளியல் ஆடையும் விற்கிறார்கள். தனித்தனிச் சிறு குளியலறைகளும் உண்டு. இரண்டாம் நாள் ரோப் கார் நின்றபோது, இரவு எட்டு மணிக்குக் கழுத்தளவு நீரில் நான், உள்ளூர்ப் பாட்டிகள் நால்வர். கூரையைக் காற்று பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டி மேலே பார்த்து, நாளையும் ஓடாது என்றார். மறுநாள் ஓடவில்லை.

ஆகவே தம்பி, கணக்கு இதுதான். ஹக்கோடாவுக்கு இரண்டு இரவு மட்டும் ஒதுக்கிவிட்டுப் போவது சீட்டாட்டம். அதற்கு ஸாவோவே மேல். நான்கு இரவு என்றால் ஒன்றிரண்டு நல்ல நாள் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஐந்தென்றால் எனக்குக் கவலை இல்லை. மார்ச் நடுவில் வர முடிந்தால் ஐந்து கூட வேண்டாம். காற்று தணிந்து, வானம் வெளுத்து, பனி இன்னும் மலையளவு கிடக்கும், மே வரை சறுக்குபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்குள் பூதங்கள் உருகிச் சரிந்திருக்கும், மாவு சர்க்கரையாகியிருக்கும். உன் விடுமுறையோ பிப்ரவரியில்தான்.

முதல் இரண்டு இரவு அவோமோரி நகரத்திலும் அடுத்த மூன்று சுகாயுவிலும் போட்டுக்கொள். நகரத்தில் இருக்கும்போது ரோப் கார் நின்றால், வழியில் மோயா ஹில்ஸ் என்ற சிறு சறுக்குத் தளம் இருக்கிறது, காலை உதறிக்கொள்ளலாம். இல்லையென்றால் சன்னாய் மருயாமாவுக்குப் போ. ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஜோமோன் மக்களின் குடியிருப்பு. 2021இல் உலகப் பாரம்பரியச் சின்னமான தொகுதியில் அதுவும் ஒன்று. மலையில் இருக்கும்போது நின்றால் போக வேறு இடமில்லை, குளிக்கத்தான் வேண்டும். திரும்பும் டிக்கெட்டைக் கடைசி நாள் மாலைக்குப் போடு. காலையில் போட்டால் அன்றுதான் வானம் திறக்கும்.

அத்தானும் நானும் அந்த வாரம் ஸாவோவில் இரண்டு இரவு இருந்துவிட்டு வார இறுதியில் உன்னோடு சேர்ந்துகொள்கிறோம். அவர் தலைகீழாக நின்றாலும் மறுபடி நான்கு நாள் மீன் வாசத்தில் இருக்கமாட்டாராம். போன வருடம் வந்த வழிகாட்டிக்கு நேற்றே எழுதிவிட்டேன். அவருக்கு நாள் ஒத்துவந்தால் மட்டும் டிக்கெட் போடு. இல்லையென்றால் நீயும் எங்களோடு ஸாவோவுக்கு வா.